கைமருந்துக்கும் ஒரு தவணை உண்டு



சில காலத்துக்கு முன்னர் ஒரு அம்மா எமது சிகிச்சை நிலையத்துக்கு வந்திருந்தார். அவரை எவரும் இனங்காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறோம். வயது அறுபதை நெருங்குகிறது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பல வருடங்களாகக் குளிசை எடுப்பவர். அன்று இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்கத்தான் வந்தார். எல்லாம் பேசி முடித்து, கைப்பையையும் தூக்கிக்கொண்டு கதவடிக்குப் போனவர் திரும்பி நின்றார்.

"தம்பி, இன்னொரு சின்ன விசயம். மூண்டு கிழமையா கழுத்து நோகுது. தொண்டைக்குள்ளயும் ஏதோ இறுக்கிப் பிடிக்கிற மாதிரிக் கிடக்குது. உப்புத்தண்ணியால கொப்பளிச்சுப் பாத்தன். கொத்தமல்லியும் அவிச்சுக் குடிச்சன். சித்தாலேபவும் பூசினன். குறையேல்லை, வர வரக் கூடுது. ஏதும் நல்ல மருந்து இருந்தா எழுதித் தாங்கோவன்."

எப்போது கூடுகிறது என்று கேட்டோம். சற்று யோசித்தார். "ரெயில் ஸ்ரேசன் படி ஏறேக்க கூடுது. மேல போய் நிண்டா ரெண்டு மூண்டு நிமிசத்தில விட்டிடும்" என்றார். காய்ச்சல் இல்லை. விழுங்கும்போது நோ இல்லை. தொண்டையைப் பார்த்தோம், சிவப்பும் இல்லை, வீக்கமும் இல்லை. கழுத்தை எல்லாப் பக்கமும் திருப்பச் சொன்னோம். அதனால் நோ கூடவும் இல்லை. அன்று காலை சும்மா கதிரையில் இருக்கும்போதே ஒருமுறை வந்ததாகவும், உடம்பெல்லாம் வியர்த்துப் போனதாகவும் சொன்னார். அதன் பிறகு நாம் தொண்டையைப் பற்றிப் பேசவில்லை. அம்புலன்ஸை அழைத்தோம்.

அவருடைய இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாடிகளில் இரண்டு ஏறத்தாழ அடைபட்டிருந்தன. வைத்தியசாலையில் அந்த அடைப்புக்களை அகற்றி, நாடிகள் மீண்டும் சுருங்காதபடி வலைக்குழாய் வைத்தார்கள். இன்று அவர் நலமாக இருக்கிறார். கோயிலுக்கும் போகிறார், பேரப்பிள்ளையையும் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வருகிறார்.

அந்த மூன்று கிழமைகளும் அவர் கவலையீனமாக இருக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தவறாமல் செய்து வந்தார். ஆனால் செய்தது வேறொரு நோய்க்கான வைத்தியம். அதைவிட முக்கியமாக, எத்தனை நாளைக்குச் செய்து பார்ப்பது என்று அவர் தீர்மானிக்கவில்லை. இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது இந்த ஒரு விடயத்தைத்தான். கைமருந்து பிழையல்ல. தவணை இல்லாத கைமருந்துதான் பிழை.

ஏன் பொறுத்துக்கொள்கிறோம்?

எம்மவர்கள் நோவைத் தாங்கிப் பழகியவர்கள். 1990களில் யாழ்ப்பாணத்துக்கு மருந்துப் பொருட்கள் வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. நாம் அப்போது மருத்துவபீட மாணவர். 1995 ஒக்ரோபர் மாதக் கடைசியில் வலிகாமத்து மக்கள் இரவோடு இரவாகத் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது, அந்தக் கூட்டத்தில் மழையில் நனைந்தபடி நாமும் நடந்தோம். தலையில் மூட்டை சுமந்து கழுத்து விறைத்துப் போனவர்களும் தொண்டை கட்டிப் பேச முடியாதவர்களும் எம்மைச் சுற்றி நடந்தார்கள். எவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த நாட்களில் பனடோல் குளிசையை எண்ணித்தான் கொடுத்தார்கள். காயக்காரர் காத்திருக்கும் இடத்தில் கழுத்து நோ என்று போய் நிற்பதற்கு வெட்கமாக இருந்தது.

அங்கே அந்தப் பொறுமை தேவைப்பட்டது. வைத்தியர் இல்லாத இடத்தில் கைமருந்து ஒன்றுதான் வைத்தியம். ஆனால் லண்டனுக்கு வந்து இருபது முப்பது வருடங்கள் ஆன பின்னரும் அதே பொறுமையை நாம் விடவில்லை. "இதுக்கெல்லாம் போய் டொக்டரைக் கரைச்சல்படுத்துறதோ?" என்று கேட்கும் பெரியவர்களை நாம் கிழமைக்கு ஒருவராவது சந்திக்கிறோம். மறுபுறத்தில், ஒரு நாள் தடிமனுக்கே அன்ரிபயோட்டிக் தரச்சொல்லி நிற்பவர்களும் எம்மிடையே உண்டு. இரண்டு பகுதியினருக்கும் குறை ஒன்றுதான். எது எத்தனை நாளில் மாறும், எது மாறாது என்ற கணக்குத் தெரியவில்லை. அந்தக் கணக்கை எளிமையாகச் சொல்லிப் பார்ப்போம்.

தொண்டை நோவுக்கு வீட்டில் செய்யக் கூடியவை

பெரும்பாலான தொண்டை நோ வைரஸினால் வருவது. மூக்கால் ஓடுதல், இருமல், குரல் அடைப்பு என்பன கூடவே வந்தால் அநேகமாக அதுவே காரணம். அன்ரிபயோட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஒரு கிழமைக்குள் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். தொண்டையில் கிருமி தொற்றும்போது கழுத்தின் இரண்டு பக்கமும் நெறி கட்டும். அதனால் கழுத்தும் சேர்ந்து நோகும். இதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. தொண்டை மாறும்போது நெறியும் படிப்படியாக வற்றும்.

இந்த ஒரு கிழமைக்கு எமது வீட்டு வைத்தியம் நல்லது. ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளித்துத் துப்பலாம். சிறு பிள்ளைகள் விழுங்கி விடுவார்கள், அவர்களுக்கு வேண்டாம். சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்பார்கள் எமது பெரியவர்கள். வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்துக் குடிப்பதில் தவறில்லை. அவை வைரஸைக் கொல்வதில்லை. ஆனால் தொண்டையை நனைத்து வைத்திருக்கும், உடம்புக்கு நீரும் சேரும். நீரிழிவு உள்ளவர்கள் அதற்குள் எவ்வளவு பனங்கட்டி போடுகிறோம், எவ்வளவு தேன் விடுகிறோம் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. அரிதாகவேனும் உயிராபத்தான நச்சுத்தன்மையை அது உண்டாக்கலாம்.

ஆவி பிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கொதிக்கும் பானையைப் பிள்ளைகளுக்குக் கிட்ட வைக்கவே வேண்டாம். சளி இளகும் என்று தொடங்கி, பானை கவிழ்ந்து வெந்த புண்ணோடு வைத்தியசாலைக்குப் போன குடும்பங்கள் உண்டு.

நோவுக்கும் காய்ச்சலுக்கும் பரசிற்றமோல் போதும். வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு தடவைக்கு இரண்டு, இடையில் குறைந்தது நான்கு மணி நேரம், 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேற்படக் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் பாமசியில் கேட்டு அளவைக் குறைக்க வேண்டும். தடிமனுக்கென்று கடையில் வாங்கும் தூள்களிலும் கப்சூல்களிலும் பெரும்பாலும் பரசிற்றமோல் ஏற்கெனவே கலந்திருக்கிறது. குளிசையும் போட்டு அதையும் கரைத்துக் குடித்தால் இரட்டிப்பு ஆகிவிடும். ஈரலைப் பழுதாக்குவது இப்படியான தெரியாத இரட்டிப்புத்தான்.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். காய்ச்சல் இல்லை, தடிமன் இல்லை, ஆனால் காலையில் எழும்போது தொண்டை எரிகிறது, வாய் புளிக்கிறது, அடிக்கடி செருமத் தோன்றுகிறது என்றால், இரைப்பையின் அமிலம் மேலே வருவதாக இருக்கலாம். கடையைப் பூட்டிவிட்டு இரவு பதினொரு மணிக்கு வந்து, சோறும் கறியும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கும் வழக்கம் எம்மவரிடையே அதிகம். இவர்களுக்கு எத்தனை கொப்பளிப்பும் உதவாது. படுப்பதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டை முடிப்பதும், கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவதும், தொப்பையைக் குறைப்பதும்தான் மருந்து. வேலை நேரம் இடங்கொடுக்காவிட்டால், பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போக முதல் சாப்பிட்டு, இரவுச் சாப்பாட்டைச் சிறிதாக்கலாம்.

கழுத்து நோவுக்கு வீட்டில் செய்யக் கூடியவை

எமது தலை ஏறத்தாழ ஐந்து கிலோ நிறை. கல்லாவில் எட்டு மணி நேரம் குனிந்து நிற்பவர், இரவிரவாக வாகனம் ஓட்டுபவர், கையடக்கத் தொலைபேசியை மடியில் வைத்துக் குனிந்தபடி ஊர்ச் செய்தி பார்ப்பவர் எல்லோருடைய கழுத்துத் தசைகளும் அந்த நிறையை முன்பக்கம் சாய்ந்த நிலையில் தாங்கிக்கொண்டு இருக்கின்றன. இப்படி வருகின்ற கழுத்து நோ பெரும்பாலும் சில கிழமைகளில் மாறும். எக்ஸ்ரேயும் ஸ்கானும் அநேகமாகத் தேவைப்படாது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுடைய கழுத்து எலும்பில் தேய்மானம் தெரிவது சாதாரணம். "எலும்பு தேஞ்சு போச்சாம்" என்று அதைப் பெரிய நோயாக எண்ணிக் கழுத்தை அசைக்காமல் இருப்பதுதான் நோவை நீடிக்கச் செய்கிறது.

ஆகவே முதல் மருந்து அசைவு. கழுத்தை மெதுவாக இடது தோள் பக்கமும் வலது தோள் பக்கமும் திருப்புங்கள். காதைத் தோளை நோக்கிச் சரியுங்கள். நாடியை நெஞ்சுக்குக் கொண்டு வந்து திரும்பவும் நிமிர்த்துங்கள். நோவு அனுமதிக்கும் அளவுக்கு மட்டும், ஒவ்வொன்றும் ஐந்து தடவை, நாளைக்கு மூன்று நான்கு முறை. கழுத்துப் பட்டி வாங்கிக் கட்ட வேண்டாம். வைத்தியர் சொன்னால் ஒழிய, அது தசைகளைப் பலவீனமாக்கும். இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கிப் படுக்காமல், ஒரு பதிந்த தலையணையில் படுங்கள். துவாயில் சுற்றிய சுடுதண்ணீர்ப் பையால் இருபது நிமிடம் ஒத்தணம் கொடுக்கலாம். நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை வேறொருவரைக் கொண்டு பார்ப்பித்து வைக்க வேண்டும். கழுத்தைத் திருப்ப முடியாத நாட்களில் வாகனம் ஓட்டாதீர்கள்.

எண்ணெய் பூசலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தோளிலும் பிடரியிலும் மெதுவாகப் பூசித் தடவலாம். முன்கழுத்தை அமத்திப் பிடிக்கக் கூடாது. மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் பெரிய நாடிகள் அங்கேதான் இருக்கின்றன.

செய்யவே கூடாதவை

சலூனில் தலைமயிர் வெட்டி முடித்ததும் கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி முறிக்கும் வழக்கம் உண்டு. அது சுகமாக இருப்பது உண்மை. ஆனால் அந்தத் திடீர் முறுக்கலில் கழுத்து நாடியின் உட்சுவர் கிழிய இடமுண்டு. அப்படி நடப்பது அரிது. நடந்தால் இரத்தம் உறைந்து பாரிசவாதம் வரலாம், இளம் வயதினருக்கும் வரலாம். தலைமயிர் வெட்டுபவரிடம் "கழுத்து வேண்டாம்" என்று முதலே சொல்லிவிடுங்கள்.

கொழும்பிலோ சென்னையிலோ சீட்டு இல்லாமல் வாங்கி, பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்த அமொக்சிசிலினை இரண்டு நாள் போட்டுவிட்டு மிச்சத்தை அடுத்தவருக்குக் கொடுக்கும் வழக்கம் இரண்டாவது. பக்டீரியாவால் வந்த தொண்டை நோவில் கூட அன்ரிபயோட்டிக் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகவே நோவின் காலத்தைக் குறைக்கிறது. தேவையான சிலருக்கு அது மிகவும் தேவை. யாருக்குத் தேவை என்பதைத் தொண்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்யலாம். இளம் வயதினரிடையே வரும் சுரப்பிக் காய்ச்சலுக்கு அமொக்சிசிலின் கொடுத்தால் உடம்பு முழுவதும் சிவந்து தடிக்கலாம்.

மூன்றாவது, நோக் குளிசைகள். டைக்ளோபெனக் குளிசையை இங்கே 2015 ஜனவரியில் இருந்து வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்பதில்லை. இருதயத்துக்கு அது செய்யக் கூடிய தீங்குதான் காரணம். அதே குளிசையை ஊரில் இருந்து வருபவரிடம் சொல்லி எடுப்பிக்கிறோம். ஐபுபுரோபனும் எல்லோருக்கும் உகந்ததல்ல. வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இருதயப் பலவீனம் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், இந்த வகைக் குளிசையால் முட்டுக் கூடும் ஆஸ்துமாக்காரரும் கேட்காமல் எடுக்கக் கூடாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் சேர்ந்திருக்கும் எமது பெரியவர்களுடைய சிறுநீரகத்தைக் கழுத்து நோவுக்காகப் பலி கொடுக்க வேண்டாம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

எது எத்தனை நாள்?

இனித் தவணைக்கு வருவோம். இதை வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

ஒரு நிமிடமும் பொறுக்கக் கூடாதவை, 999 ஐ அழைக்க வேண்டியவை: தொண்டை, கழுத்து, தாடை, நெஞ்சு ஆகியவற்றில் இறுக்கமோ பாரமோ வந்து ஓய்ந்திருந்தும் விடாமல் இருப்பது, அல்லது அதோடு வியர்வை, மூச்சுத் திணறல், சத்தி வருவது. எச்சிலைக் கூட விழுங்க முடியாமல் வழிவது, மூச்சு எடுக்கும்போது சத்தம் கேட்பது. காய்ச்சலோடு கழுத்து விறைத்து, வெளிச்சம் பார்க்க முடியாமல், குழப்பமாகவோ தூக்கமாகவோ இருப்பது. கிளாஸால் அமத்தினாலும் மறையாத புள்ளிகள் தோலில் தெரிவது. திடீர்க் கழுத்து நோவோடு முகம் கோணுவது, கை சோருவது, பேச்சுக் குழறுவது. விழுந்தோ வாகனம் மோதியோ கழுத்து நோவோடு கைகால் விறைப்பது.

அன்றைக்கே வைத்தியரிடமோ 111 இலக்கத்திலோ பேச வேண்டியவை: படி ஏறும்போது அல்லது நடக்கும்போது வந்து, நின்றால் விடுகின்ற இறுக்கம். தொண்டையில் ஒரு பக்கம் மட்டும் கடுமையாக நொந்து, வாய் திறக்க முடியாமல், குரல் மாறிப் போவது. இது உள்ளே சீழ் கட்டியதாக இருக்கலாம். தைரொயிட்டுக்குக் கார்பிமசோல் எடுப்பவர், மெதோட்ரெக்சேற் எடுப்பவர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர் ஆகியோருக்குத் தொண்டை நோவோ காய்ச்சலோ வருவது. இவர்களுடைய வெண்குருதிக் கலங்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்யும் வரை அதைச் சாதாரண தொண்டை நோ என்று எண்ணக் கூடாது. கழுத்து நோவோடு சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் விரல்கள் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் மலம் கழிப்பதில் மாற்றம் வருவதும் அன்றைக்கே சொல்ல வேண்டியவை.

ஒரு கிழமை: சாதாரண தொண்டை நோ ஒரு கிழமையில் குறையாவிட்டால். இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல், ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் தொண்டை நோவுக்குப் பாமசிக்கே நேரடியாகப் போகலாம். தேவையானால் அங்கேயே அன்ரிபயோட்டிக் தருவார்கள். எம்மவர்களில் பலருக்கு இது இன்னும் தெரியாது.

மூன்று கிழமை: குரல் கம்மியே இருப்பது, கழுத்தில் ஒரு கட்டி வற்றாமல் இருப்பது, வாய்ப் புண் ஆறாமல் இருப்பது. வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிந்தாலும், விழுங்கும்போது சாப்பாடு தடைப்பட்டாலும், காரணம் இல்லாமல் மெலிந்தாலும் மூன்று கிழமைகூடப் பார்த்திருக்க வேண்டாம். வெற்றிலை போடுபவர்கள், புகைப்பவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. "நான் போயிலை போடுறேல்லை, பாக்கு மட்டும்தான்" என்பது பாதுகாப்பு ஆகாது.

ஆறு கிழமை: மேலே சொன்ன எந்த அறிகுறியும் இல்லாத சாதாரண கழுத்து நோ, அசைவும் பயிற்சியும் செய்தும் குறையாவிட்டால். இடையில் நோவு கைக்கு இறங்கி விறைப்புத் தந்தாலோ, இரவில் நித்திரையைக் கலைத்தாலோ ஆறு கிழமை காத்திருக்காதீர்கள்.

கூடிக்கொண்டு போகும் நோவுக்கு இந்தத் தவணைகள் பொருந்தாது. நாளுக்கு நாள் குறைகிறதா, கூடுகிறதா என்பதே முதற் கேள்வி. குறைந்து வரும் நோவைத் தவணை முடியும் வரை வீட்டில் பார்க்கலாம். கூடி வரும் நோவுக்குத் தவணை அன்றே முடிந்துவிட்டது.

சொல்லாத துயரம்

பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும், தொண்டைக்குள் ஒரு உருண்டை நிற்பது போலவும் கழுத்து இறுகியே இருப்பது போலவும் சிலருக்குத் தோன்றும். சாப்பாடு தடையில்லாமல் இறங்கும். எச்சில் விழுங்கும்போதுதான் அடைக்கும். மனப்பாரம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வருவதை நாம் காண்கிறோம். மே மாதம் வந்தால் சிலருக்குக் கூடும். ஒருவரிடம் எப்போது தொடங்கியது என்று கேட்டால், காணாமல் போன மகனின் பிறந்த நாளைச் சொல்லுவார். இன்னொருவர் தடுப்புக் காவலில் கழுத்தில் பட்ட அடியைப் பற்றிப் பதினைந்து வருடங்களாக எவரிடமும் சொன்னதில்லை.

இவர்களிடம் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்வது பாவம். நோ உண்மையானது, தசை உண்மையாகவே இறுகுகிறது. மருந்துதான் வேறு. பேசுவதும், நித்திரையும், நடையும், தேவையானால் உளவள ஆலோசனையும்தான் அந்த மருந்து. ஆனால் ஒரு எச்சரிக்கை. மனக்கவலை என்பது உடல் நோய்களைப் பார்த்து ஒதுக்கிய பிறகு வர வேண்டிய முடிவு. வீட்டிலேயே நாமாக எடுக்கிற முடிவு அல்ல. எமது பெண்களுடைய நெஞ்சு இறுக்கத்தை "யோசனை கூடிப்போச்சு" என்று குடும்பமே முடிவு கட்டிய கதைகள் எமக்குத் தெரியும்.

வைத்தியரிடம் எப்படிச் சொல்வது?

"அப்பொயின்மென்ற் கிடைக்குதில்லையே, கிடைச்சாலும் பனடோல் போடச் சொல்லித்தானே விடுறியள்" என்று எம்மிடம் கோபிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் வரிசையில் நிற்பதன் கரைச்சலை நாமும் அறிவோம். அவசரமாக அனுப்பி வைக்கும் வைத்தியர்களும் இல்லாமல் இல்லை. அந்த அம்மா அன்று கதவைத் திறந்துகொண்டு போயிருந்தால் நாமும் அவரைத் தவறவிட்டிருப்போம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே கிடைக்கிற பத்து நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம்.

பெரிய விடயத்தை முதலில் சொல்லுங்கள், கதவடியில் அல்ல. "கழுத்து நோ" என்று மட்டும் சொல்லாமல் நான்கைச் சொல்லுங்கள்: எப்போது தொடங்கியது, கூடுகிறதா குறைகிறதா, என்ன செய்தால் கூடுகிறது, என்ன செய்தால் விடுகிறது. அந்த அம்மாவின் உயிரைக் காத்தது மூன்றாவது கேள்விக்கான பதில். எடுக்கிற மருந்துகள் எல்லாவற்றையும், ஊரில் இருந்து வந்த குளிசையையும் ஆயுர்வேத மருந்தையும் சேர்த்து, வெட்கப்படாமல் காட்டுங்கள்.

ஆங்கிலம் போதாது என்று பேசாமல் இருக்க வேண்டாம். என்.எச்.எஸ். இல் மொழிபெயர்ப்பாளர் உதவி இலவசம். பதிவு செய்யும்போதே "தமிழ்" என்று கேளுங்கள். 111 இலும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பத்து வயதுப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். அம்மம்மாவின் நோயைத் தன் வாயால் சொல்லும் பாரம் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம். பிள்ளைக்கு முன் அம்மம்மாவும் முழுவதையும் சொல்ல மாட்டார்.

புதிதாக வந்தவர்களுக்கும், வழக்கு முடியாமல் இருப்பவர்களுக்கும் ஒன்று. இங்கிலாந்தில் குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும் குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்யவும் அவரைப் பார்க்கவும் பணம் இல்லை. முகவரிச் சான்றோ அடையாள அட்டையோ இல்லை என்ற காரணத்துக்காகப் பதிவை மறுக்கக் கூடாது. அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதும் இலவசம். விசா இல்லை என்ற பயத்தில் நெஞ்சு இறுக்கத்தோடு அறைக்குள் படுத்திருக்க வேண்டாம். உங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் பெடியன் அப்படிப் படுத்திருந்தால் நீங்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள்

எம்மவர்களின் குசினிகளில் தமிழ்க் கடை கொடுத்த நாட்காட்டி ஒன்று தொங்கும். விரதங்களையும் திவசங்களையும் சீட்டுக்காசு கட்ட வேண்டிய நாளையும் அதில் குறித்து வைக்கிறோம். அடுத்த முறை கழுத்து நோவுக்கோ தொண்டை நோவுக்கோ கைமருந்து தொடங்கும் அன்று, அந்தத் திகதியில் ஒரு புள்ளடி போடுங்கள். தொண்டை நோ என்றால் ஏழாம் நாளில் இன்னொரு புள்ளடி. குரல் அடைப்பு என்றால் மூன்றாம் கிழமையில். கழுத்து நோ என்றால் ஆறாம் கிழமையில். அந்த நாள் வந்தும் நோ இருந்தால், அன்று காலை கொத்தமல்லி அவிப்பதற்கு முன்னர் தொலைபேசியை எடுங்கள். படி ஏற இறுக்குகிறது என்றால் நாட்காட்டியே தேவையில்லை.

நாட்டை விட்டு வந்தபோது பலவற்றைத் தாங்கிக்கொண்டோம், வேறு வழி இருக்கவில்லை. இங்கே வழி இருக்கிறது. வீட்டில் இருக்கும் அம்மாவிடமும் அப்பாவிடமும் இன்று இரவே கேளுங்கள்: "எத்தனை நாளா நோகுது?" சின்ன விசயம் என்று சொன்னால், திரும்பவும் ஒருமுறை கேளுங்கள்.